களை எது? பயிர் எது?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தமிழ் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. சீமைக்கருவேல மரத்தை உடனே வேரோடு அழிக்க வேண்டுமா, வேண்டாமா என்பது பொருள். 'வேண்டும்' என்ற அணியில் பேசியவர்கள் நாங்கள். "நிலத்தடி நீரை உறிஞ்சும் அரக்கன்" என்றோம். "அயல் நாட்டிலிருந்து வந்து நம் மண்ணை ஆளும் பகைவன்" என்றோம். கைதட்டல் அரங்கத்தை நிறைத்தது. தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது. அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், பள்ளியின் பின்சுவரை ஒட்டிய முட்காட்டை அழிக்கப் பெற்றோர் சிலர் மனமுவந்து செலவை ஏற்றனர். பொக்லைன் இயந்திரம் வந்தது. ஒரே பகலில் நிலம் வெறுமையாயிற்று. எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகை முடிவதற்குள் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தோம். ஒற்றைத் தண்டாக நின்ற மரங்களின் தூரிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் முளைத்திருந்தன. இடைவெளியெல்லாம் பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு தலை காட்டிற்று. முன்பு அங்கே இருந்த கொஞ்சம் நிழலும் இப்போது இல்லை. பேச்சில் வென்ற நாங்கள் செயலில் தோற்றோம். எங்கே தவறினோம் என்று தேடியபோது கண்டறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம். தோழியரும், அருட்சகோதரியரும், பெற்றோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

முதற் பாடம் எங்கள் தாவரவியல் ஆசிரியையிடமிருந்து கிடைத்தது. அவர் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, பள்ளி வாயிலிலிருந்து வகுப்பறை வரை கண்ணில் படும் செடி, கொடி, மரங்களின் பெயர்களை எழுதி வரச் சொன்னார். நாங்கள் கண்டவை 42. பெயர் தெரிந்தவை 18. அந்தப் பதினெட்டிலும் எவை நம் நாட்டுக்கு உரியவை, எவை வெளியிலிருந்து வந்தவை என்று கேட்டபோது வாயடைத்து நின்றோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்ததாக 99 மலர்களின் பெயர்கள் வருகின்றன என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். எங்கள் வயதுடைய இரண்டு பெண்கள் அத்தனை பூக்களைப் பெயர் சொல்லிப் பறித்ததாகப் புலவர் பாடினார். மேல்நிலை வகுப்பில் தாவரவியல் படிக்கும் நாங்களோ பள்ளி முற்றத்தையே அறியாதவர்களாக இருக்கிறோம்! பெயரும் ஊரும் தெரியாத ஒன்றைப் பகைவன் என்று மேடையேறிப் பேசியது எத்துணைப் பேதைமை!

பிறகு வீட்டில் அடுக்களைக்குள் நுழைந்து பார்த்தோம். விருதுநகர் என்றதும் வற்றல் மிளகாய் வணிகம் நினைவுக்கு வரும். அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே அது நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம்மவர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகின் பெயரைக் கொண்டே இந்தப் புதிய காய்க்கு 'மிளகாய்' என்று பெயரும் வைத்தனர். சாத்தூர்ச் சேவின் காரமும், நம்மூர்ச் செக்குகளில் ஆட்டும் கடலையெண்ணெயும் கடல் கடந்து வந்த செடிகளின் கொடைகளே. தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, முந்திரி ஆகியவற்றின் தாயகமும் அமெரிக்கக் கண்டமே. பறங்கிக்காய் தன் பெயரிலேயே தன் கதையைச் சொல்லிவிடுகிறது. பள்ளி விட்டதும் நாங்கள் கல்லெறிந்து உதிர்க்கும் கொடுக்காப்புளி மெக்சிகோவைச் சேர்ந்த மரம் என்றால் தோழியர் நம்புவார்களா? புளிய மரம்கூட மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பர் தாவரவியலார். அயலிலிருந்து வந்ததே குற்றமென்றால் நம் வீட்டில் உலை ஏறலாம், குழம்பு கொதிக்காது.

அப்படியானால் சீமைக்கருவேல் குற்றமற்றதா? அதுவும் இல்லை. வந்த விருந்தாளிகளில் பெரும்பாலோர் கொடுத்த இடத்தில் இருப்பார்கள்; ஒரு சிலர் வீட்டையே எடுத்துக் கொள்வார்கள். இந்த மரம் இரண்டாம் வகை. மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வட பகுதி வரை இதன் தாயகம். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் நல்ல நோக்கத்தோடு 1877-ஆம் ஆண்டில் அந்நாளைய சென்னை மாகாணத்தில் இதை விதைத்தனர். வனத்துறை அதிகாரியாகவும் தாவர அறிஞராகவும் இருந்த பெட்டோம் அதற்கு முந்தைய ஆண்டில் விதை கேட்டு எழுதியிருந்தார். விதைத்தவர்கள் எண்ணியது போலவே அது வறண்ட நிலத்தில் வளர்ந்தது. அவர்கள் எண்ணாத அளவுக்குப் பரவவும் செய்தது.

பரவும் விதம் வியப்புக்குரியது. இதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கடினமான விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, எருவும் ஈரமும் ஒருங்கே கிடைத்த இடத்தில் முளைக்கும். வேர் மிக ஆழம் செல்லும். அமெரிக்காவில் அரிசோனாப் பகுதியில் தோண்டிய ஒரு சுரங்கத்தில், இதே இனத்து மரத்தின் வேரைத் தரைக்குக் கீழே 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். தரைக்கு மேலே வெட்டினால் தூரில் உறங்கும் மொட்டுகள் விழித்துக் கொள்ளும். எங்கள் நிலத்தில் நடந்தது இதுவே. தூரை மண்ணுக்குக் கீழே நன்கு தோண்டி எடுக்காமல் மேலே சிதைத்துவிட்டுப் போனது இயந்திரம். அடர்ந்து வளர்ந்த இதன் அடியில் பிற செடிகள் எளிதில் தலையெடுப்பதில்லை. கௌசிகா ஆற்றுப் படுகையிலும் ஊர்க் கண்மாய்களிலும் இது புகுந்து நிற்பதையும், தூர்ந்த வரத்துக் கால்வாய்களை மறைத்து நிற்பதையும் இங்குள்ளோர் யாவரும் அறிவர்.

ஆனால் பட்டிமன்றத்தில் நாங்கள் சொன்ன வேறொன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். "காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இம்மரம் குடித்துவிடுவதால்தான் மழை பெய்வதில்லை" என்று முழங்கினோம். மரம் வேரால் நீரை எடுத்து இலைத் துளைகளின் வழியே ஆவியாக வெளியே விடுகிறது என்பது ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும் தெரிந்த பாடம். வேரில் எடுக்கும் நீர் மிகுதி என்று வாதிட இடமுண்டு. காற்றை உலர்த்தி மழையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கேட்டதைச் சொன்னோம், கைதட்டல் கிடைத்தது. பொய்யான காரணத்தைச் சொல்லி ஒரு மரத்தைப் பழிப்பது, அதன்மேல் உள்ள உண்மையான குற்றச்சாட்டையும் வலுவிழக்கச் செய்கிறது.

இரண்டாம் பாடத்தை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாரிடம் படித்தோம். அவர் கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர். ஒரு சனிக்கிழமை அங்கே போயிருந்தோம். வெட்டிய சீமைக்கருவேலங் கட்டைகளைக் குவித்து, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடி, உள்ளே நெருப்பிட்டிருந்தார்கள். காற்று மிகுந்தால் கட்டை சாம்பலாகிவிடும், குறைந்தால் வேகாது. பல நாட்கள் இரவும் பகலும் புகையின் நிறத்தைப் பார்த்துத் துளைகளை அடைத்தும் திறந்தும் காவல் இருக்க வேண்டும். எங்களைக் கண்டதும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, இந்த மரத்தையெல்லாம் ஒண்ணுவிடாமப் பிடுங்கிப் போடணும்னு மேடையில பேசினீங்களாமே? பிடுங்குங்க. எனக்கும் முள்ளு மேல ஆசையா? ஆனா மறுநாள் காலையில நாங்க எங்க வேலைக்குப் போகணும்கிறதையும் சேர்த்துப் பேசியிருக்கலாமில்ல?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. தோழி எங்கள் அணியில்தான் பேசினாள். அவளுடைய பள்ளிக் கட்டணமும் சீருடையும் அந்த மூட்டத்திலிருந்தே வருகின்றன என்பதை அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் காட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தீப்பெட்டி, பட்டாசு வேலையைப் போல இந்த முள் மரமும் கஞ்சி வார்த்திருக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே மரத்தில் காய்க்கும்போது, ஒரு கையால் மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது.

அப்படியென்றால் எதைக் கொண்டு தீர்ப்பு எழுதுவது? பொறுமையான ஆராய்ச்சியைக் கொண்டுதான் என்பது எங்கள் கருத்து. அதற்கு நம் தமிழகத்திலேயே சிறந்த முன்மாதிரிகள் உண்டு. 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கேனிக் என்பவர், தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயசிடம் நேரில் பாடம் கேட்டவர். அவர் நம் நாட்டுச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவருக்குப் பின் அதே ஊருக்கு வந்த ராட்லர் செடிகளையும் சேர்த்தார். தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைக் கேம்பிள் என்பவர் 1915-இல் வெளியிடத் தொடங்கினார். 1925-இல் அவர் மறைந்த பின் ஃபிஷர் அதைத் தொடர்ந்து 1936-இல் நிறைவு செய்தார். ஒரு நூல் முடிய 21 ஆண்டுகள்! இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1890-இல் தோன்றியது. கோயம்புத்தூரிலுள்ள அதன் தென்னக மையம் 1955 முதல் பணியாற்றி வருகிறது.

இவர்கள் வரிசையில் நாங்கள் சிறப்பாக நினைவுகூர விரும்புகிறவர் இயேசு சபைக் குருவான கே. எம். மத்தேயு அடிகளார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டு ராப்பினாட் ஹெர்பேரியத்தை நிறுவியவர் அவர். ஹெர்பேரியம் என்பது உலர்ந்த செடிகளின் நூலகம். செடியைப் பூவோடும் காயோடும் எடுத்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எந்த ஊரில், எந்த நாளில், யார் எடுத்தது என்று எழுதி வைப்பார்கள். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் நூறாண்டு கழித்து ஒருவர் வந்து, "இந்தக் கண்மாய்க் கரையில் முன்பு என்ன முளைத்தது?" என்று கேட்டால், மெய்யான விடை சொல்லக் கூடியது அந்த அட்டை ஒன்றே.

அடிகளார் 1969-இல் வெளியிட்ட ஒரு நூல் கொடைக்கானல், பழனி மலைப் பகுதிக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செடிகளைப் பற்றியது. வந்தேறிகள் என்று வெறுத்து ஒதுக்காமல், அவற்றுக்கும் இலை, பூ, காய் என்று வரிவடிவம் தந்து, தாயகம் குறித்து, ஒரு பெரிய நூலாகவே எழுதினார். பின்னர் 1981 முதல் 1988 வரை தமிழகத்தின் கர்நாடகப் பகுதித் தாவரங்களைப் பற்றிய தொகுதிகளையும், 1999-இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். 2004-ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் ஓயவில்லை. பழனி மலையின் சோலைகளும் புல்வெளிகளும் சுருங்கி, யூகலிப்டசும் வாட்டிலும் பெருகியதைக் கண்ட அவர், மலையைக் காக்கும் பணியிலும் ஈடுபட்டார். முதலில் அறிந்தார், பிறகு காத்தார். அந்த வரிசையை நாங்கள் தலைகீழாக்கியதே எங்கள் பிழை.

ஆராய்ச்சியால் களை அடங்கியதற்கும் சான்று உண்டு. சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடி என்றே பலர் எண்ணுகிறோம். அதுவும் அமெரிக்கக் கண்டத்ததே. சிவப்புச் சாயம் தரும் பூச்சியை அதன்மேல் வளர்த்துப் பொருளீட்டலாம் என்ற ஆசையால் 1795-ஆம் ஆண்டையொட்டிச் சென்னையிலும் வங்காளத்திலும் முயன்றார்கள். வந்த பூச்சி வேறு இனம், சாயம் சிறக்கவில்லை. ஆனால் அது ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்ப்பதைக் கண்டுகொண்டார்கள். மற்றொரு வகைக் கள்ளி தென்னாட்டில் நிலங்களை அடைத்துக் கொண்டபோது, அதற்கேற்ற வேறொரு பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டு வந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கள்ளிக் காடுகள் சரிந்தன. எந்தப் பூச்சி எந்தக் கள்ளியைத் தின்னும் என்று பிரித்தறிந்தவர்களால் வந்த வெற்றி இது. 'கள்ளி எல்லாம் ஒன்றுதான்' என்று இருந்திருந்தால் கைகூடியிராது.

சீமைக்கருவேல் வழக்கும் இதையே காட்டுகிறது. 2017-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இம்மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டது. அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற வாதம் எழவே, அதே ஆண்டில் அப்பணி நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் தமிழக அரசு அயல் ஊடுருவித் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவது, மீட்பது என்று இரண்டும் சேர்ந்து நிற்பதே அதில் எங்களைக் கவர்ந்தது. வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் அது வெட்டிய மரத்துக்கே திரும்பிப் போகும். எங்கள் பின்சுவர் அதற்குச் சாட்சி.

எனவே எங்கள் எளிய கருத்துகளைப் பெரியோர் முன் வைக்கிறோம். ஒன்று: நீர் நிலைகளிலும் வரத்துக் கால்வாய்களிலும் உள்ள மரங்களை முதலில் அகற்ற வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே நாளில் என்று கிளம்ப வேண்டாம். இரண்டு: அகற்றும் வேலையைத் தூரோடு தோண்டி எடுக்கத் தெரிந்த கரிமூட்டத் தொழிலாளருக்கே கொடுத்தால், மரமும் போகும், அவர்களுக்குக் கூலியும் கட்டையும் கிடைக்கும். மூன்று: தோண்டிய குழியிலேயே அந்த மழையில் வேம்பு, வாகை, புங்கு, ஆத்தி, இலந்தை, நாட்டுக் கருவேல், குடைவேல் என்று நம் வறட்சியைத் தாங்கும் மரங்களை நட்டு, வேலியிட்டு, இரண்டு கோடையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். நான்கு: அடுத்தடுத்த மழையில் முளைக்கும் சீமைக்கருவேல நாற்றுகளை மண் ஈரமாயிருக்கும்போதே கையால் பிடுங்கிவிட வேண்டும். நாற்றைப் பிடுங்க ஒரு மாணவியின் கை போதும். மரமான பின் இயந்திரமும் தோற்கிறது.

செலவாகுமே, யார் செய்வது என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமே. எங்கள் நிலம் அரை ஏக்கருக்கும் குறைவு. அதில் இந்த ஆண்டு கால் பங்கை மட்டும் எடுத்துக் கொண்டோம். தோழியின் தாயாரும் அவருடன் வேலை செய்யும் இருவரும் தூர்களைத் தோண்டித் தந்தார்கள். தம் கட்டையைத் தாமே எடுத்துச் சென்றார்கள். கூலியைப் பள்ளி கொடுத்தது. 30 குழிகளில் நட்டோம். கத்திரி வெயிலில் 7 கன்றுகள் பட்டுப் போயின. 23 நிற்கின்றன. மதிய உணவுக்குப் பின் பாத்திரம் கழுவும் தண்ணீர் இப்போது அங்கேதான் போகிறது. எங்கள் பட்டிமன்றப் பரிசுக் கோப்பையைவிட அந்த இருபத்து மூன்றும் எங்களுக்குப் பெரியவை.

மறைக்கல்வி வகுப்பில் வயலில் தோன்றிய களைகளின் உவமையைக் கேட்டிருக்கிறோம். பணியாளர் உடனே களைகளைப் பறிக்கப் புறப்பட்டபோது, கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்பட்டு விடுமே என்று வீட்டுத் தலைவர் தடுத்தார். களை நல்லது என்று அவர் சொல்லவில்லை. பிரித்து அறியும் காலம் வரட்டும் என்றார். தாவரவியல் கற்கும் எங்களுக்கு அதில் ஒரு கடமை தெரிகிறது. பிரித்து அறியக் கற்றுக் கொள்வது எங்கள் பொறுப்பு.

ஆகையால் இவ்வாண்டு முதல் எங்கள் பள்ளியிலேயே ஒரு சிறு ஹெர்பேரியம் தொடங்கக் கூடாதா என்று தலைமையாசிரியை அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேண்டியவை பழைய செய்தித்தாள், தடித்த அட்டை, கனமான நான்கு செங்கற்கள், இவை போதும். வகுப்புக்குப் பத்துச் செடி என்றால் மூன்றாண்டுகளில் சூலக்கரையின் செடிகளில் பெரும் பகுதியை எழுதிவிடலாம். பெற்றோரிடமும் பாட்டிமாரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் பெண் ஒரு செடியைக் கையில் கொண்டுவந்து பெயர் கேட்டால், உங்கள் ஊரில் வழங்கும் பெயரைத் தயவுசெய்து சொல்லுங்கள், எதற்கு ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் இன்னும் 24 செடிகள் பெயரின்றி நிற்கின்றன.